பிள்ளைக்குச் சளி, காய்ச்சல்: எக்ஸ்ரே, ஸ்கேன் எப்போது வேண்டும்?

கேள்வி: தேவகோட்டை வாசகர், 12 அக்டோபர் 2024

என் மகனுக்கு இரண்டே கால் வயது. நாலு நாளாகக் காய்ச்சல், இருமல், நெஞ்சில் கர்கர் என்று சத்தம். குழந்தை டாக்டர் பார்த்துவிட்டு, எக்ஸ்ரே வேண்டாம், மருந்து கொடுத்து இரண்டு நாள் கழித்துக் கூட்டி வாருங்கள் என்கிறார். எக்ஸ்ரே எடுத்தால்தானே வைரஸா பாக்டீரியாவா என்று தெரியும்? நானே காரைக்குடிக்குக் கூட்டிப்போய் எடுத்துவிடலாமா? அப்பத்தா வேறு சாம்பிராணி போடு என்கிறார்கள்.

12 அக்டோபர் 2024, இரவு

நான் காரைக்குடியில் எக்ஸ்ரே டெக்னீஷியன். டாக்டர் இல்லை, அதனால் மருந்து சொல்ல மாட்டேன். ஆனால் மழை தொடங்கினால் பள்ளத்தூர், கானாடுகாத்தான், புதுவயல் பக்கமிருந்து வரும் சளிக்காரப் பிள்ளைகளை வருடக்கணக்காகப் படம் எடுத்து வருகிறேன்.

எக்ஸ்ரேயில் கிருமி தெரியாது. நுரையீரலில் காற்று இருக்க வேண்டிய இடத்தில் நீரோ சீழோ நிறைந்தால் அந்த இடம் வெள்ளையாகத் தெரியும், அவ்வளவுதான். வைரஸாலும் அப்படி ஆகும், பாக்டீரியாவாலும் ஆகும். நுரையீரலின் ஒரு மடல், அதாவது ஒரு பெரிய பகுதி, முழுக்க வெளுத்திருந்தால் பாக்டீரியா என்று சந்தேகப்படுவார்கள். இரண்டு பக்கமும் சிதறலாக இருந்தால் வைரஸ் பக்கம் யோசிப்பார்கள். படத்தை மட்டும் வைத்து யாரும் அடித்துச் சொல்ல முடியாது. அமெரிக்கக் குழந்தைத் தொற்றுநோய் மருத்துவர் சங்கமும் அங்குள்ள தொற்றுநோய் சங்கமும் சேர்ந்து 2011இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், வீட்டில் வைத்தே மருந்து கொடுக்கக்கூடிய நிலையில் உள்ள நிமோனியாவுக்கு வழக்கமாக எக்ஸ்ரே தேவையில்லை என்றுதான் சொல்கிறது. உங்கள் டாக்டர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

சாம்பிராணி வேண்டாம். மூச்சுக்குத் திணறும் பிள்ளைக்குப் புகை ஆகாது. அப்பத்தாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

13 அக்டோபர் 2024, காலை

ராத்திரி அவசரத்தில் விட்டுவிட்ட முக்கியமான விஷயம்: மூச்சை எண்ணுங்கள். சட்டையைத் தூக்கிவிட்டு, பிள்ளை தூங்கும்போதோ அமைதியாக இருக்கும்போதோ, வயிறு ஏறி இறங்குவதை முழுசாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்குவது சின்னப் பிள்ளைகளுக்குச் சரிவராது, அவர்கள் மூச்சு ஒரே சீராக ஓடாது. அழும்போதும் பால் குடிக்கும்போதும் எண்ணாதீர்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் அளவு இது. இரண்டு மாதத்துக்குள் என்றால் நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் இருந்தால் வேகமான மூச்சு. இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50. ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை 40. விலாவுக்குக் கீழே மூச்சு இழுக்கும்போது உள்ளே குழிந்தால், பால் தண்ணீர் இறங்காவிட்டால், உதடு நீலம் பாய்ந்தால், எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடந்தால், எண்ணிக் கொண்டிருக்க வேண்டாம். 108ஐக் கூப்பிடுங்கள். அந்த நேரத்தில் ஸ்கேன் சென்டர் வாசலில் வரிசையில் நிற்கக் கூடாது, ஆக்சிஜன் இருக்கிற இடத்துக்குப் போக வேண்டும். இதை நான் கோபமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அப்படித் துவண்ட பிள்ளைகளை நேராக எங்களிடம் தூக்கி வந்திருக்கிறார்கள்.

15 அக்டோபர் 2024

தேவகோட்டைக்காரர் எண்ணிப் பார்த்து 34 என்று எழுதியிருக்கிறார். காய்ச்சலும் இறங்கியிருக்கிறது. ரொம்ப சந்தோஷம்.

ஆனால் அதன் கீழே இரண்டு பேர், அப்படியானால் டாக்டர் எழுதிக் கொடுத்தாலும் எக்ஸ்ரே எடுக்க மாட்டோம், கதிர்வீச்சு ஆபத்து என்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பிள்ளையை வார்டில் சேர்க்கும்போது, ஆக்சிஜன் அளவு குறையும்போது, ஆன்டிபயாடிக் தொடங்கி இரண்டு மூன்று நாளாகியும் காய்ச்சல் விடாதபோது, நெஞ்சில் நீர் கோத்திருக்கிறதோ என்று சந்தேகம் வரும்போது, எக்ஸ்ரே கட்டாயம் வேண்டும். ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயில் கிடைக்கும் கதிர்வீச்சு, நாம் சும்மா இருந்தாலும் மண்ணிலும் காற்றிலும் வானத்திலும் இருந்து சில நாட்களில் வாங்கிக்கொள்ளும் அளவுதான். சி.டி. கதை வேறு. அது எக்ஸ்ரேயைப் போலப் பல பத்து மடங்கு, சில சமயம் நூறு மடங்கையும் தாண்டும். பிள்ளைகளின் செல்கள் வேகமாகப் பெருகுகிறவை, அவர்கள் வாழப்போகும் காலமும் நீளம், அதனால்தான் அவர்கள் விஷயத்தில் கூடுதல் கவனம். பிள்ளைகளுக்கு ஏற்றபடி அளவைக் குறைத்து எடுங்கள் என்று 2008இல் அமெரிக்காவில் ஒரு பெரிய இயக்கமே தொடங்கினார்கள்.

அடிவயிற்றை ஈயத்தால் மூடவில்லையே என்று கேட்ட அம்மாவுக்கு: முன்பு மூடினோம். 2019இல் அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் அந்த வழக்கத்தை விட்டுவிடலாம் என்றது. ஒளிக்கட்டத்தை நெஞ்சளவுக்கு மட்டும் குறுக்கி வைப்பதுதான் பெரிய பாதுகாப்பு. அதை டெக்னீஷியன் செய்கிறாரா என்று பாருங்கள், விளக்குக் கட்டம் பிள்ளை மேல் விழுவது கண்ணுக்கே தெரியும்.

20 அக்டோபர் 2024

எக்ஸ்ரே சரியாக விழாததால் மறுபடி எடுக்கச் சொன்னார்கள், காசு பிடுங்குகிறார்கள் என்று ஒருவர் திட்டியிருக்கிறார். எங்கள் பக்கத்தையும் கேளுங்கள்.

ஆறு மாதப் பிள்ளையிடம் மூச்சை இழுத்துப் பிடி என்று சொல்ல முடியாது. வீறிட்டு அழும்போது, ஒரு அழுகை முடிந்து அடுத்ததற்கு மூச்சை உள்ளிழுக்கும் அந்த நொடியில் பட்டனை அழுத்த வேண்டும். மூச்சை விட்ட நேரத்தில் எடுத்துவிட்டால் இதயம் பெரிதாகத் தெரியும், நுரையீரல் இரண்டு பக்கமும் வெளுத்து, இல்லாத நிமோனியா இருப்பதாகத் தோன்றும். உடம்பு லேசாகத் திரும்பியிருந்தாலும் ஒரு பக்கம் கறுப்பாகவும் மறுபக்கம் வெளுப்பாகவும் விழும். அதனால்தான் பிடித்துக்கொள்ளும் ஆள் முக்கியம். கைகள் இரண்டையும் தலைக்கு மேல் காதோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் இடுப்பைப் பிடிக்க வேண்டும். இருவரும் ஈய ஏப்ரன் போட வேண்டும். கர்ப்பமாக இருப்பவர்கள் உள்ளே வரவே கூடாது. நாள் தள்ளியிருக்கிறதோ என்ற சந்தேகம் இருந்தாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மாமியார் முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தால் எங்களைத் தனியே கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

அப்புறம், கழற்ற வேண்டியவை. தாயத்து, ஐம்படைத்தாலி, கறுப்பு மணி, சேப்டி பின், உலோகப் பொத்தான் எல்லாம் படத்தில் பளிச்சென்று விழும். குன்றக்குடியில் மந்திரித்துக் கட்டியது, கழற்ற மாட்டோம் என்பார்கள். அறுக்க வேண்டாம், முதுகுப் பக்கமாகவும் தள்ளாதீர்கள், தலைவழியே எடுத்து ஆத்தா கையில் வைத்துக்கொள்ளலாம். இதைவிட ஏமாற்றுவது சடை. இரட்டைச் சடை போட்டு ரிப்பன் கட்டிய பிள்ளையை அப்படியே நிறுத்தி எடுத்தால், தோளில் கிடக்கும் சடை நுரையீரலின் மேல்நுனியில் கீறல் கீறலாக வெண்திட்டாக விழும். அந்த இடம் காசநோயைத் தேடும் இடம். சடையைத் தூக்கி உச்சியில் கட்டிவிட்டு எடுத்தால் திட்டு இருக்காது. எண்ணெய் தடவி இறுகப் பின்னிய சடை இன்னும் அழுத்தமாகவே விழும்.

இன்னொன்று, தைமஸ். கைக்குழந்தைகளுக்கு இதயத்துக்கு மேலே இந்தச் சுரப்பி பெரிதாக இருக்கும், சில பிள்ளைகளுக்குப் பாய்மரம் விரித்தது போல ஒரு பக்கமாகப் படத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். அது நோய் இல்லை. வயது ஏற ஏறத் தெரியாமல் போய்விடும். பெரியவர்கள் படத்தையே பார்த்துப் பழகியவர்கள் அதை நிமோனியா என்று நினைத்துவிடக் கூடும். முடிந்தால் குழந்தைகள் படம் பார்த்துப் பழகிய ரேடியாலஜிஸ்டின் ரிப்போர்ட்டாக வாங்குங்கள் என்பது இதற்காகத்தான்.

1 நவம்பர் 2024

தீபாவளிக்கு மறுநாள். ஸ்கேன் அறை நிரம்பி வழிகிறது, பாதிப் பேருக்கு டெங்கு பயம்.

டெங்குவை ஸ்கேனில் கண்டுபிடிக்கலாமா என்று கேட்கிறார்கள். கண்டுபிடிப்பது ரத்தப் பரிசோதனை: முதல் ஐந்து நாட்களுக்குள் கிருமியின் புரதத்தைத் தேடும் என்.எஸ்.1, அதற்குப் பிறகு உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் ஐ.ஜி.எம். அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் காட்டுவது கசிவை. ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்தால் பித்தப்பைச் சுவர் தடிக்கும், வயிற்றில் நீர் தெரியும், வலது நெஞ்சின் அடியில் நீர் சேரும். பித்தப்பை வீங்கியிருக்கிறது, ஆபரேஷனா என்று பதறாதீர்கள், கசிவு நின்றதும் அதுவும் வடிந்துவிடும். காய்ச்சல் விட்ட பிறகு வயிற்று வலி, விடாத வாந்தி, கை கால் ஜில்லிட்டுப் போவது, இவை வந்தால் உடனே ஆஸ்பத்திரி. காய்ச்சல் விட்டுவிட்டதே என்று நிம்மதியாக இருக்கும் அந்த ஒன்றிரண்டு நாள்தான் டெங்குவில் மோசமான கட்டம்.

வயிற்று ஸ்கேன் ரிப்போர்ட்டில் குடலைச் சுற்றி நிணநீர்க் கட்டிகள் என்று எழுதியிருக்கிறது, டி.பி.யா என்று கேட்டவருக்கும் சேர்த்து: சாதாரண வைரஸ் காய்ச்சலிலும் அவை பெருக்கும், பெரும்பாலும் தானே சுருங்கும். எடை குறைகிறதா, காய்ச்சல் வாரக்கணக்கில் நீடிக்கிறதா என்று டாக்டர் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு செய்வார்.

9 நவம்பர் 2024

ஆறு மாதத்தில் மூன்றாவது தடவை நிமோனியா, ஒவ்வொரு தடவையும் வலது பக்கக் கீழ் மடல் என்று புதுவயல் அம்மா எழுதியதைப் படித்தேன். அம்மா, ஒன்று கேட்கிறேன். முதல் தடவைக்கு முன்னால் ஏதாவது தின்னும்போது திடீரென்று புரையேறி மூச்சு முட்டியதா?

இங்கே வளவு வீடுகளில் ஆயாவும் பேத்தியும் பல்லாங்குழி ஆடுவார்கள். குழி நிறையப் புளியங்கொட்டை. பக்கத்தில் தவழும் பிள்ளை ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு சிரித்தால் போதும், அது மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். வேர்க்கடலை, பட்டாணியும் இதே கதைதான். இவை எதுவும் எக்ஸ்ரேயில் தெரியாது. தெரிவது அவற்றின் விளைவு: அடைபட்ட பக்கத்தில் உள்ளே போன காற்று வெளியே வர முடியாமல் நுரையீரல் உப்பிக் கறுப்பாக இருக்கும், மூச்சு விடும்போது எடுத்த படத்தில் இதயம் எதிர்ப்பக்கம் தள்ளிப்போயிருக்கும். நாளானால் அந்த இடம் சுருங்கி வெளுத்து, சீழ் பிடித்து, நிமோனியாவாகவே வந்து நிற்கும். மருந்துக்கு அடங்கி, மறுபடி அதே இடத்தில் வரும். எக்ஸ்ரே நார்மலாக இருந்தாலும் உள்ளே பொருள் இருக்கலாம். புரையேறியதைப் பார்த்த ஆள் இருந்தால் அவர் வார்த்தைதான் பெரிய சாட்சி. மயக்கம் கொடுத்துக் குழாய் விட்டுப் பார்த்து எடுத்துவிடுவார்கள். பழைய பிலிம் எல்லாவற்றையும் தேதி வரிசைப்படி எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.

10 நவம்பர் 2024

தடுப்பூசி பற்றி யாருமே பேசவில்லையே. பிள்ளைகளுக்கு நிமோனியாவை உண்டாக்கும் ஹிப் என்ற பாக்டீரியாவுக்கான மருந்தும் சேர்ந்த ஐந்து-நோய் ஊசி தமிழ்நாட்டில் 2011 டிசம்பரிலேயே வந்துவிட்டது. இந்தியாவில் முதலில் தொடங்கியது கேரளமும் நாமும்தான். நிமோனியாவை உண்டாக்கும் இன்னொரு பாக்டீரியாவான நிமோகாக்கஸுக்கான ஊசி 2021இல் இங்கே அரசுத் திட்டத்தில் சேர்ந்தது: ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம். தனியாரில் விலை அதிகம் என்று விட்டவர்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

24 நவம்பர் 2024

இது நெஞ்சைப் பற்றியது இல்லை, ஆனால் எழுதியே ஆக வேண்டும்.

காய்ச்சலோடு ஒரு காலை ஊன்ற மறுக்கும் பிள்ளை. விழுந்திருப்பான், சுளுக்கு என்று எண்ணெய் போட்டு உருவியிருக்கிறார்கள். ஓரிடத்தில் எக்ஸ்ரே எடுத்து எலும்பு நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டாரும் நிம்மதியாக இருந்துவிட்டார்கள். எங்களிடம் வந்தபோது பிள்ளை தொடையை மடக்கி வெளிப்பக்கம் சாய்த்தபடி கிடந்தான், டயப்பர் மாற்றக்கூட அந்தக் காலைத் தொடவிடவில்லை. ஸ்கேனில் இடுப்பு மூட்டுக்குள் நீர். அன்று ராத்திரியே மதுரைக்குப் போனார்கள்.

எலும்பில் சீழ் பிடித்தால் எக்ஸ்ரேயில் மாற்றம் தெரியப் பத்துப் பதினைந்து நாள் பிடிக்கும். மூட்டில் சீழ் சேர்ந்தால் அவ்வளவு நாள் கிடையாது, மணிக்கணக்கில் குருத்தெலும்பு அழியும். இடுப்பு மூட்டில் நீர் இருக்கிறதா என்று சாதாரண அல்ட்ராசவுண்ட் சில நிமிடங்களில் சொல்லிவிடும். அந்த நீர் சீழா இல்லையா என்பதை ஊசி போட்டு எடுத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். எலும்புக்குள் ஆரம்பத்திலேயே பார்க்க எம்.ஆர்.ஐ. சிறந்தது. காய்ச்சலும் நொண்டலும் சேர்ந்து வந்தால் நார்மல் எக்ஸ்ரேயைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். உருவவும் கூடாது.

8 டிசம்பர் 2024

நுரையீரலை அல்ட்ராசவுண்டில் பார்க்கலாமா என்ற கேள்விக்கு: பார்க்கலாம், கதிர்வீச்சே கிடையாது, பிள்ளை அம்மா மடியில் இருந்தபடியே பார்க்கலாம். நோய் நுரையீரலின் வெளி ஓரத்தைத் தொட்டிருந்தால் நன்றாகத் தெரியும், நடுவில் ஆழத்தில் இருந்தால் தப்பிவிடும், ஏனென்றால் காற்று ஒலியைத் திருப்பி அனுப்பிவிடும். எக்ஸ்ரேயில் ஒரு பக்கம் முழுசும் வெளுத்திருக்கும்போது அது நீரா, இறுகிய நுரையீரலா என்று பிரித்துச் சொல்வதில் அல்ட்ராசவுண்டுக்கு ஈடு இல்லை. நீர் தெளிவாக இருக்கிறதா, உள்ளே நூல் நூலாகத் தடுப்புகள் விழுந்து சீழாகிவிட்டதா என்றும் காட்டும். நீரை வடிக்கக் குழாய் போட இடம் குறிப்பதும் அதை வைத்துத்தான்.

அப்படியானால் குழந்தை டாக்டர்களே ஒரு சின்ன மெஷின் வைத்துக்கொள்ளக் கூடாதா என்கிறார் காரைக்குடி அண்ணன் ஒருவர். ஆசை நியாயமானது. ஆனால் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி, கருவில் ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்க, அல்ட்ராசவுண்ட் மெஷின் ஒவ்வொன்றும் பதிவாகி இருக்க வேண்டும், இடம் மாற்றி எடுத்துப் போகவும் கட்டுப்பாடு உண்டு. பெண் பிள்ளைகளைக் காக்க வந்த சட்டம், அது இருக்கட்டும். வார்டில் படுக்கையோரம் பிள்ளைகளுக்கு ஸ்கேன் பார்க்க மட்டும் வழியை எளிதாக்கினால் எத்தனையோ எக்ஸ்ரே மிச்சமாகும்.

22 டிசம்பர் 2024

டி.பி. பற்றித் தனியாக எழுதச் சொன்னீர்கள்.

சின்னப் பிள்ளைக்குக் காறித் துப்பத் தெரியாது, சளியை விழுங்கிவிடும். அதனால் விடிகாலையில் வெறும் வயிற்றில் குழாய் விட்டு இரைப்பை நீரை எடுத்து, கிருமியின் மரபணுவைத் தேடும் மூலக்கூறுப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். பிள்ளைகளின் காசநோயில் கிருமி எண்ணிக்கை குறைவு, அந்தப் பரிசோதனையும் பல தடவை ஒன்றும் இல்லை என்றே வரும். இங்கேதான் எக்ஸ்ரேக்கு வேலை: மூச்சுக்குழாய் பிரியும் இடத்தில் நிணநீர்க் கட்டி வீங்கியிருக்கிறதா என்று தேடுவது. நேர்ப்படத்தோடு பக்கவாட்டுப் படமும் கேட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள், அந்தக் கட்டிகள் சில சமயம் அதில்தான் பிடிபடும்.

கம்ப்யூட்டரே எக்ஸ்ரே பார்த்து டி.பி. சொல்கிறதாமே என்பதற்கு: 2021இல் உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைத்தது 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு. பிள்ளைகள் படத்துக்கு அதை நம்பி இருக்க வேண்டாம்.

வீட்டில் பெரியவர் யாருக்காவது டி.பி. இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். கல்யாணப் பேச்சு நடக்கிறது, வெளியே தெரியக் கூடாது என்று மறைப்பார்கள். ஐயாவின் இருமல்தான் பேரனுக்கு வந்திருக்கும், அதைச் சொல்லாமல் இருபது பரிசோதனை எடுத்தாலும் டாக்டர் தடுமாறுவார். மருந்து அரசில் இலவசம். நோய் வராத பிள்ளைகளுக்கும் தடுப்பு மருந்து கொடுக்கிறார்கள்.

5 ஜனவரி 2025

வலிப்பு வந்த பிள்ளைக்கு மூளை சி.டி. பற்றி. காய்ச்சலோடு ஒரே ஒரு தடவை, சில நிமிடம் மட்டும், உடம்பு முழுக்க வெட்டி, பிறகு பிள்ளை தெளிந்துவிட்டால் பொதுவாக ஸ்கேன் தேவைப்படாது. காய்ச்சல் இல்லாமல், ஒரு கையோ ஒரு பக்கமோ மட்டும் வெட்டினால் எடுக்கச் சொல்வார்கள்.

நம் பக்கத்தில் அந்த சி.டி.யில் அடிக்கடி வருவது மூளையில் ஒற்றை வளையம் போன்ற புள்ளி. பெரும்பாலும் நாடாப்புழு முட்டையால் வருவது, சில சமயம் டி.பி. கட்டி. 20 மில்லிமீட்டருக்கு மேல் இல்லாமல், மூளையை நடுக்கோட்டிலிருந்து தள்ளாமல் இருந்தால் புழுவின் பக்கம் சந்தேகம் பலமாகும் என்ற அளவுகோலை வகுத்தவர்கள் நம் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள். பன்றிக்கறி வாசலுக்கே வராத வீட்டில் எப்படி என்று அதிர்ந்து போவார்கள். முட்டை வருவது புழு உள்ள மனிதரின் மலத்திலிருந்து, கழுவாத கை வழியாக, கழுவாத கீரை வழியாக. சுத்த சைவம் சாப்பிடும் பிள்ளைக்கும் வரும். பிள்ளையின் உணவைக் குறை சொல்லி ஆத்தாவை அழவைப்பதை உறவுக்காரர்கள் நிறுத்துங்கள்.

18 ஜனவரி 2025

பொங்கல் கூட்டம் முடிந்து இப்போதுதான் உட்கார்ந்தேன். புதுவயல் அம்மா எழுதியிருக்கிறார்: திருச்சியில் குழாய் விட்டுப் பார்த்ததில் வேர்க்கடலைத் துண்டு கிடைத்ததாம், பிள்ளை நன்றாக இருக்கிறான். மறுபடி எக்ஸ்ரே எப்போது என்று கேட்கிறார்.

சாதாரண நிமோனியா குணமான பிள்ளைக்கு மறு எக்ஸ்ரே வழக்கமாக வேண்டாம். பிள்ளை ஓடி ஆடிய பிறகும் படத்தில் வெளுப்பு சில வாரம் நிற்கும், அதைப் பார்த்துத் தேவையில்லாமல் மருந்தை நீட்டுவார்கள். உங்கள் பிள்ளைக்கு அப்படி இல்லை, ஒரே மடலில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு நாலிலிருந்து ஆறு வாரம் கழித்து ஒரு படம் எடுத்துப் பார்ப்பார்கள். திருச்சி டாக்டர் தேதி குறித்திருப்பார், அந்தச் சீட்டில் எதற்காகப் படம் என்று ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வரும்போது பழைய மூன்று பிலிமையும் கொண்டு வாருங்கள். பிரிட்ஜ் மேலே வைக்காதீர்கள், சூட்டில் ஒட்டிக்கொள்ளும்.